கரித்தகடு பொதிந்த ஓட்டக் காலணி: சோதனையும் பயனும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சாலைகளில் விடியற்காலை வேளையில் செல்வோர், இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக ஓடிப் பழகுவதைக் காணலாம். அவர்களுட் பெரும்பாலோர் பதக்கத்தை நாடுவோர் அல்லர், வேலையை நாடுவோர். போலீஸ் வேலைக்கும் ராணுவ வேலைக்கும் நடைபெறும் உடல் தகுதித் தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டம் ஒரு முக்கியமான வாயிலாகும். ஆந்திரப் பிரதேசப் போலீஸ் தேர்வில் ஆண்கள் அத்தூரத்தை 8 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும் என்பது விதி. ஒரு குடும்பத்தின் வாழ்வு அந்த எட்டு நிமிடத்தைப் பற்றி நிற்பதும் உண்டு.

இவ்விளைஞர்கள் தம் உடற்பயிற்சி ஆசிரியர்களிடம் இக்காலத்தில் புதிதாக ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். உலகப் புகழ் பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கரியிழைத் தகடு பொதிந்த காலணியை அணிந்து ஓடுகின்றனர்; அதனைக் கடன் பட்டேனும் வாங்கினால் தமக்கும் வேகம் கூடுமா என்பதே அக்கேள்வி. இவ்வகைக் காலணி ஒரு ஜதையின் விலை இருபதாயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேற்பட்டும் உள்ளது. ஆகவே இக்கேள்விக்கு விளம்பரத்தைக் கொண்டு விடை கூறுதல் தகாது; சோதனையைக் கொண்டே கூறுதல் வேண்டும். அச்சோதனைகள் எவ்வாறு செய்யப்பட்டன, அவை நிலைநாட்டியவை யாவை, அவற்றின் எல்லை எது என்பவற்றைக் கிராமப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

வெறுங்காலும் காலணியும்

காலணியின்றி மனிதனால் நெடுந்தூரம் ஓட இயலாது என்று எண்ணுதல் தவறு. 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் மராத்தான் ஓட்டத்தில் எத்தியோப்பியா நாட்டின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் 42.195 கிலோமீட்டர் தூரத்தை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் அவரே காலணியணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மீண்டும் வென்றார். இந்தியாவின் சிவநாத் சிங் பல ஓட்டங்களை வெறுங்காலுடன் ஓடியவர். 1978ஆம் ஆண்டு ஜலந்தரில் அவர் நிறுவிய 2 மணி 12 நிமிடம் என்னும் தேசிய மராத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நின்றது. அந்நாற்பது ஆண்டுகளில் காலணிகள் எவ்வளவோ மாறின; சாதனை மாறவில்லை. வேகத்தின் முதற்காரணம் ஓடுவோனது இருதயமும் நுரையீரலும் தசையுமேயன்றிக் காலணியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மனிதனுடைய காலே ஒரு சிறந்த வில்லாகும். குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாண், பாதம் தரையில் ஊன்றும்பொழுது நீண்டு சக்தியைச் சேமிக்கிறது. பாதம் தரையை விட்டு எழும்பொழுது சுருங்கி, அச்சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. காலணி இந்த வில்லுடன் சேர்ந்து வேலை செய்யும் மற்றொரு வில். அது நல்ல வில்லாயின் தசைகளின் உழைப்பு சிறிது குறையும். கெட்ட வில்லாயின் சக்தி வெப்பமாக வீணாகும்.

காலணியின் உட்கூறு

இப்புதிய காலணியில் மூன்று அம்சங்கள் உள்ளன. முதலாவது, குதிகாலின் கீழ் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும் நுரைப் படுகை. இரண்டாவது, அந்நுரை எந்தப் பொருளால் ஆனது என்பது. பழைய ஓட்டக் காலணிகளின் நுரை பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பொருளால் ஆனது. புதியனவற்றில் பல பாலியீத்தர் பிளாக் அமைடு என்னும் பொருளால் ஆனவை. இது மிக லேசானது, மிக நன்றாக மீள்வது. மூன்றாவது, அந்நுரையின் நடுவே முன்னும் பின்னுமாக, கரண்டியைப் போல் வளைந்து கிடக்கும் கரியிழைத் தகடு.

கரியிழை என்பது அடுப்புக் கரியன்று. பாலி அக்ரிலோ நைட்ரைல் என்னும் செயற்கை இழையைப் பிராணவாயு புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வாட்டினால், பிற அணுக்கள் நீங்கிக் கார்பன் அணுக்கள் மட்டும் வரிசையாக எஞ்சுகின்றன. இம்முறையை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் அக்கியோ ஷிண்டோ என்னும் அறிஞர் வகுத்தார். இங்கிலாந்தில் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் அதனை மேலும் வலுவாக்கினர். இவ்விழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்த தகடு, எஃகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே இருக்கும்; விறைப்பிலோ எஃகிற்கு இணையாக நிற்கக் கூடியது. செயற்கைக் கோள்களின் உடற்சட்டங்களில் இத்தகைய கலப்புப் பொருள்கள் வழங்குவதற்குக் காரணம் இதுவே.

திருப்பதி மாவட்டத்திற்கு இவ்விஷயத்தில் இரு வகையான உறவு உண்டு. செயற்கைக் கோள்களை விண்ணில் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உருவான இம்மாவட்டத்திலேயே அடங்கியது. அதே மாவட்டத்தில் தடாவை அடுத்த மாம்பட்டு என்னும் இடத்தில், அடிடாஸ் நிறுவனத்திற்காக விளையாட்டுக் காலணிகளைச் செய்யும் அப்பாச்சி தொழிற்சாலை இயங்கி வருகிறது. அக்கம்பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் பலர் அங்கு பணி புரிகின்றனர். எல்லைக்கு அப்பால், சித்தூரை அடுத்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை. எனவே காலணியின் விஞ்ஞானம் இப்பகுதி மக்களுக்கு அயலாரின் செய்தியன்று.

சோதனைச்சாலையில்

ஒரு காலணி நல்லது என்பதை எவ்வாறு அளப்பது? ஓட்டப் பந்தயத்தில் வென்றவனுடைய காலணியைப் பார்த்து முடிவு கட்டுதல் கூடாது. வென்றவன் எக்காலணியுடனும் வென்றிருக்கலாம். ஆகவே ஆராய்ச்சியாளர் காலணியைத் தனியாகவும், ஓடுவோனுடன் சேர்த்தும் இரு வகையாகச் சோதிக்கின்றனர்.

இவற்றுள் மிகவும் அறியப்பட்ட சோதனை, அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2017ஆம் ஆண்டு இறுதியில் வெளியாயிற்று. நைக்கி நிறுவனத்தின் புதிய காலணியின் முன்மாதிரி ஒன்றும், அக்காலத்தில் மராத்தான் வீரர் அணிந்து வந்த வேறு இரண்டு காலணிகளும் அதில் ஒப்பிடப்பட்டன. முதலில் காலணிகள் மட்டும் யந்திரத்தில் வைத்து அழுத்தப்பட்டன. ஓடும்பொழுது பாதம் தரையை அழுத்தும் விசையாகிய ஏறக்குறைய 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை, ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்திற்குள் ஏற்றி இறக்கப்பட்டது. அழுத்துகையில் செலுத்திய சக்தியில் மீளுகையில் திரும்பக் கிடைத்தது எத்தனை பங்கு என்று கணக்கிட்டனர். பழைய வகைக் காலணிகளுள் ஒன்று 65.5 சதவிகிதமும் மற்றொன்று 75.9 சதவிகிதமும் திருப்பித் தந்தன. புதியது 87 சதவிகிதம் தந்தது. மேலும் அதன் தடித்த நுரை ஏறக்குறைய இரு மடங்கு ஆழம் அமுங்கியதால், அதில் சேமிக்கப்பட்ட சக்தியும் மிகுதி. ஓர் அடிக்குத் திரும்பிய சக்தி பழையவற்றில் சுமார் மூன்றரை ஜூல். புதியதில் சுமார் ஏழரை ஜூல்.

பின்னர் உயர்தர ஓட்டக்காரர் 18 பேர் சோதனைக்கு அமர்த்தப்பட்டனர். அவர்கள் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடும் பட்டையின் மேல் ஐந்தைந்து நிமிடம் ஓடினர். முகத்தில் பொருத்திய குழாயின் வழியே அவர்கள் உட்கொண்ட பிராணவாயுவும் வெளிவிட்ட கரியமில வாயுவும் அளக்கப்பட்டன. ஒரே வேகத்தில் ஓடுவதற்குக் குறைந்த பிராணவாயு போதுமாயின், உடல் குறைந்த சக்தியைச் செலவிடுகிறது என்பது பொருள். மூன்று காலணிகளின் எடையும் சமமாக இருக்கும் பொருட்டு, லேசானவற்றில் ஈயக் குண்டுகள் சேர்க்கப்பட்டன. இவ்வொரு செயலே அச்சோதனையின் நேர்மைக்குச் சான்று. இன்றேல் எடைக் குறைவினால் வந்த நன்மையும் நுரையினால் வந்த நன்மையும் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும்.

கிடைத்த முடிவு, புதிய காலணி சராசரியாக 4 சதவிகிதம் சக்தியை மிச்சப்படுத்தியது என்பதாகும். இச்சோதனைக்கு அக்காலணியைச் செய்த நிறுவனமே பொருளுதவி செய்தது. எனவே பிறரும் செய்து பார்த்தாலன்றி அம்முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. அவ்வாறே நியூசிலாந்திலும் அமெரிக்காவின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் 2019ஆம் ஆண்டளவில் மீண்டும் சோதித்தனர். ஓரிடத்தில் ஏறக்குறைய அதே அளவும், மற்றோரிடத்தில் 3 சதவிகிதத்திற்குச் சற்றுக் குறைவான அளவும் கிடைத்தன. நன்மை உண்மையானது என்பது இதனால் உறுதியாயிற்று.

தகட்டை அறுத்துப் பார்த்தல்

இந்நன்மைக்குக் காரணம் தகடா, நுரையா? மக்கள் வழக்கில் இக்காலணி தகட்டின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தகடு வில்லைப் போல் வளைந்து மனிதனை முன்னே எறிகிறது என்றும் பலர் எண்ணுகின்றனர். இதனைத் தீர்க்க மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் எளியதொரு வழியைக் கையாண்டனர். அதே காலணியின் தகட்டை முன்பாதப் பகுதியில் குறுக்கே பல இடங்களில் அறுத்தனர். அறுத்த காலணி மிக எளிதாக வளைந்தது, நுரையோ மாறவில்லை. இரண்டையும் அணிவித்து ஓடச் செய்தபொழுது, சக்திச் செலவில் ஏற்பட்ட வேறுபாடு அரை சதவிகிதத்தையொட்டியதே. அதுவும் தற்செயலாக நேரக்கூடிய அளவிற்கு உட்பட்டதே.

இதனால் பெறப்படுவது யாதெனில், நன்மையின் பெரும்பகுதி நுரையிலிருந்து வருகிறது என்பதாம். தகடு வீணானதென்று இதற்குப் பொருளன்று. அவ்வளவு மென்மையும் தடிப்புமுள்ள நுரை தகடின்றி நிலைகுலையக் கூடும். தகடு அதனை நிலைநிறுத்துகிறது. பெருவிரலின் மூட்டு வளைவதால் நேரும் சிறு சக்தி இழப்பும் அதனால் குறைகிறது. எனினும், மலிவான நுரையில் ஒரு தகட்டைப் பொதித்து, வெளியே அதன் பெயரைப் பெரிதாக எழுதிய காலணியை வாங்குவோர் ஏமாறுவதற்கு இடமுண்டு.

சராசரியும் தனி மனிதனும்

சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய உண்மை. அதிலுள்ள ஒவ்வொருவரையும் பற்றிய உண்மையன்று. கென்யா நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர் சிலரைக் கொண்டு செய்து 2023ஆம் ஆண்டு வெளியான சோதனையில், சாதாரணப் பந்தயக் காலணியுடன் ஒப்பிட ஒருவர்க்குச் சுமார் 11 சதவிகிதம் நன்மையும், மற்றொருவர்க்குச் சுமார் 11 சதவிகிதம் தீமையும் காணப்பட்டன. ஓடும் பாங்கு, பாதத்தின் அமைப்பு, தசைகளின் வலிமை ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதே இதற்குக் காரணமாதல் கூடும். அண்டை வீட்டான் அணிந்து வென்றான் என்பது தானும் வெல்வதற்குப் பிணையாகாது.

உலகத் தடகள அமைப்பும் இக்காலணியைக் கருதியே 2020ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி புதிய விதிகளை வகுத்தது. சாலையோட்டக் காலணியின் அடித்தடிப்பு 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் இருத்தலாகாது என்பன அவ்விதிகளுள் முக்கியமானவை. வட்டப் பாதைப் பந்தயங்களுக்கான தடிப்பு 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் 20 மில்லிமீட்டராகக் குறுக்கப்பட்டது. ஆகவே சாலைக்கென வாங்கிய தடித்த காலணி, விதிகளின்படி நடைபெறும் மைதானப் பந்தயத்திற்கு உதவாது. மாணவரைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

சித்தூர்ச் சாலைகளில்

இனி, சோதனைச்சாலையின் கணக்கை இவ்விரு மாவட்டங்களின் சாலைக்குக் கொண்டு வருதல் வேண்டும். முதலாவது, வேகம். மேற்கூறிய 4 சதவிகிதம் மணிக்கு 14 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் கிடைத்தது. மெதுவான வேகங்களில் செய்து 2023ஆம் ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நன்மை 1.4 சதவிகிதமாகவும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 0.9 சதவிகிதமாகவும் சுருங்கியது.

1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓடுவது சரியாக மணிக்கு 12 கிலோமீட்டர் வேகமாகும். சக்தியில் மிஞ்சிய 1.4 சதவிகிதம் முழுவதும் வேகமாக மாறுவதாகவே கொண்டாலும், 480 விநாடியில் மிச்சமாவது 7 விநாடிக்கும் குறைவு. தூரத்தில் சொன்னால் சுமார் 22 மீட்டர். எட்டரை நிமிடத்தில் ஓடும் இளைஞனுக்கு வேண்டியது 30 விநாடி. அந்த முப்பதைக் காலணி தராது. சில மாத ஒழுங்கான பயிற்சி தரும். எட்டு நிமிடத்தை ஓரிரு விநாடியில் தவறவிடும் ஒருவனுக்கு மட்டுமே அச்சிறு நன்மை பொருளுடையது.

இரண்டாவது, ஏற்றம். பலமனேருக்கு ஏறும் மொகிலிக் கணவாய்ச் சாலையிலும் சந்திரகிரியைச் சுற்றிய சரிவுகளிலும் ஓடிப் பழகுவோர் பலர். சமதளத்தில் 4 சதவிகிதத்தை ஒட்டி நின்ற நன்மை, ஏற்றத்திலும் இறக்கத்திலும் 3 சதவிகிதத்திற்கும் கீழே குறைந்ததாகச் சோதனை காட்டுகிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் 3,550 படிகளின் விஷயம் முற்றிலும் வேறு. அடியார்கள் அங்கே வெறுங்காலுடன் ஏறுவது மரபு. மரபு ஒருபுறமிருக்க, தடித்து உயர்ந்து பக்கவாட்டில் நெகிழும் இக்காலணி படிகளுக்கென ஆக்கப்பட்டதன்று. கணுக்கால் பிசகுவதற்கு அது ஏதுவாகும்.

மூன்றாவது, ஆயுள். புதிய நுரை விரைவில் சோர்வடைவது. 450 கிலோமீட்டர் ஓடிய பின் அதன் சிறப்பு பெரும்பாலும் மறைந்து, சாதாரண நுரைக்கு நிகராகி விடுவதாக ஒரு சோதனையில் காணப்பட்டது. நாள்தோறும் 8 கிலோமீட்டர் ஓடுவோனுக்கு அது இரண்டு மாதத்திற்கும் குறைவான காலமே.

நான்காவது, பாதத்தின் அளவு. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 2022ஆம் ஆண்டு மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம், இங்கு வழங்கும் அயல்நாட்டு அளவுகளுக்குரிய அச்சைக் காட்டிலும் அகன்றது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. அகலம் போதாமையால் பலர் நீளத்தில் ஒரு அளவு கூடுதலாக வாங்குகின்றனர். அப்பொழுது குதிகால் காலணிக்குள் வழுக்குகிறது, தகட்டின் வளைவும் விரல் மூட்டிற்கு நேராக அமைவதில்லை. ஆண்களின் பாதம் 15, 16 வயது வரை வளர்கிறது என்பதும் அவ்வளவீட்டில் தெரிந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு விலையுயர்ந்த காலணி வாங்குவோர் அது சில மாதத்தில் சிறுத்துப் போகும் என்பதையும் எண்ணவேண்டும்.

எலும்பின் எச்சரிக்கை

இக்காலணியால் தீங்கு உண்டா என்பதும் ஆராயப்பட்டு வருகிறது. தகடுள்ள காலணியுடன் ஓடிய ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பில் அழுத்த முறிவு நேர்ந்ததை மருத்துவர்கள் 2023ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஐந்து பேரைக் கொண்டு காலணியே குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. அம்மருத்துவரும் அவ்வாறு கூறவில்லை. ஆயினும் விறைப்பான தகடு பாதத்தின் சுமையை இடம் மாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. பழகாத எலும்பின்மேல் திடீரெனப் புதிய சுமையை ஏற்றுதல் நன்றன்று. எனவே புதிய காலணியை வாரத்தில் ஒரு குறுகிய ஓட்டத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் அழுத்தினால் வலி தோன்றி, ஓய்விலும் நீங்காதிருப்பின், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். தேர்வு நெருங்குகிறதென்று வலியை மறைத்து ஓடும் இளைஞன், அத்தேர்வை மட்டுமன்றி அடுத்த தேர்வையும் இழப்பான்.

பள்ளி மைதானத்தில் ஒரு சோதனை

விலையுயர்ந்த கருவிகள் இன்றியே, சோதனையின் தத்துவத்தை மாணவர்க்கு விளக்க முடியும். நுரையின் மீள்திறனைக் காண, காலணியைத் தரையில் அசையாமல் வைத்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிறிய எஃகுக் குண்டை அதன் உட்புறக் குதிப்பகுதியில் விழச் செய்து, அது எழும்பும் உயரத்தை அளவுகோலின் துணையால் குறிக்கலாம். 50 சென்டிமீட்டர் எழும்பினால் பாதிச் சக்தி மீண்டது என்று கொள்ளலாம். மனிதப் பாதம் குண்டைக் காட்டிலும் மெதுவாகவும் பரவலாகவும் அழுத்துவதால், இவ்வெண் ஓட்டத்தில் கிடைக்கும் எண் ஆகாது. காலணிகளை வரிசைப்படுத்தவே உதவும்.

காலணியின் எடையைப் பற்றிய சோதனை இதனினும் பயனுடையது. ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் சக்திச் செலவு ஏறக்குறைய 1 சதவிகிதம் கூடுகிறது என்பது பல சோதனைகளில் உறுதியான செய்தி. 300 கிராம் மணலைச் சிறு துணிப் பைகளில் இட்டு இரு காலணிகளின் கயிற்றின்மேலும் இறுகக் கட்டினால், செலவு சுமார் 3 சதவிகிதம் உயரவேண்டும். 400 மீட்டர் வட்டத்தில், ஒவ்வொரு 200 மீட்டரிலும் ஒரு கொடி நட்டு, நிமிடத்திற்கு ஒரு முறை ஊதல் ஊதவேண்டும். ஊதல் ஒலிக்கும் தருணத்தில் கொடியைக் கடந்தால் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் ஆகும். ஆறு நிமிடம், அதாவது மூன்று சுற்று ஓடி நின்றவுடன் நாடித் துடிப்பை எண்ணவேண்டும். பத்து நிமிட ஓய்விற்குப் பின் அடுத்த ஓட்டம். நன்கு பழகிய, உடல் நலமுள்ள மாணவரை மட்டுமே இதில் சேர்க்கவேண்டும்.

இங்கே ஓட்டங்களின் வரிசை முக்கியமானது. முதலில் மணலின்றி, பிறகு மணலுடன், மீண்டும் மணலுடன், இறுதியில் மணலின்றி என நான்கு ஓட்டங்கள் அமைதல் வேண்டும். வெயில் ஏற ஏறக் களைப்பினால் ஒவ்வோர் ஓட்டத்திலும் துடிப்பு மும்மூன்று கூடுவதாகக் கொள்க. நான்கு ஓட்டங்களில் அவ்வுயர்வு 0, 3, 6, 9 ஆகும். மணலற்ற முதலாவதும் நான்காவதும் சேர்ந்து 9. மணலுள்ள இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 9. வெயிலின் பங்கு இருபுறமும் சமமாகி நீங்குகிறது. எஞ்சுவது மணலின் பங்கே. புதிய காலணியைப் பழைய காலணிக்குப் பிறகு ஒரே ஒரு முறை ஓடிப் பார்த்து முடிவு கூறுவோர் செய்யும் பிழை, இக்கணக்கினால் மாணவர்க்கு நன்கு விளங்கும்.

அளவையின் எல்லையையும் உடன் கூறவேண்டும். பதினைந்து விநாடி எண்ணும்பொழுது ஒரு துடிப்பு தவறினால், நிமிடக் கணக்கில் நான்கு துடிப்பு தவறுகிறது. 160 துடிப்பில் 3 சதவிகிதம் என்பது ஏறக்குறைய ஐந்து துடிப்பே. ஆகவே ஒரு மாணவனைக் கொண்டு ஒன்றும் நிரூபிக்க இயலாது. பத்து மாணவரின் சராசரியை எடுத்தால் இத்தகைய தற்செயற் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்பொழுது மணலின் விளைவு புலப்படலாம். ஒன்றரை சதவிகிதமே தரும் காலணியின் நன்மையை ஒருவன் தன் கால்களில் உணர்ந்ததாகக் கூறுவது எத்துணை ஐயத்திற்குரியது என்பதும் இதனால் தெளிவாகும். விலை கொடுத்து வாங்கியவன் அது நல்லதென்று நம்ப விரும்புவது இயற்கை. அந்நம்பிக்கையே சிறிது வேகத்தைத் தருவதும் உண்டு.

ஆசிரியர் கூறத்தக்க விடை

கரித்தகடு பொதிந்த காலணி ஏமாற்று வித்தையன்று. மணிக்கு 16, 18 கிலோமீட்டர் வேகத்தில் நெடுந்தூரம் ஓடும் திறமை பெற்ற வீரனுக்கு, அது பந்தய நாளில் மெய்யான நன்மையைத் தரக்கூடியது. மாவட்டத்தில் அத்தகைய வீரன் ஒருவன் தோன்றினால், அவனுக்கு அதனை வாங்கித் தருவது சங்கங்களுக்கும் கொடையாளர்க்கும் தகுந்த பணியாகும்.

ஆனால் எட்டு நிமிடத்தை எட்டுவதற்கு முயலும் கிராமத்து இளைஞனுக்குக் கூறத்தக்க விடை வேறு. அவன் அணிந்திருக்கும் காலணி கனமானதாயின், அதனினும் 100 கிராம் குறைந்ததும், முன்பாதம் அகன்றதும், குதிகால் வழுக்காததுமான சாதாரண ஓட்டக் காலணியைத் தேர்ந்தாலே ஏறக்குறைய 1 சதவிகித நன்மை கிட்டும். அவனுடைய வேகத்தில் விலையுயர்ந்த காலணி தருவது 1.4 சதவிகிதம். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு எட்டு நிமிட ஓட்டத்தில் இரண்டு விநாடி. அவ்விரண்டு விநாடிக்காகக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துதல் தகுமா என்பதை அவனே கணக்கிட்டு அறியும்படி செய்தல் ஆசிரியரின் கடமை. மிஞ்சும் பணம் பாலுக்கும் முட்டைக்கும் பருப்பிற்கும் செலவாகுமாயின், அது கால்களின் உள்ளேயுள்ள வில்லை வலுப்படுத்தும். அந்த வில் 450 கிலோமீட்டரில் தேய்ந்து போவதன்று.